ஒரே காய், இரண்டு ரிப்போர்ட்: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எதை எடைபோடுகிறது?

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டு ஏலக்காய்த் தோட்டம் வண்டன்மேடு பக்கம் இருக்கிறது. போன சீசனில் ஏற்றுமதிக்குக் காய் எடுக்க வந்தவர் சாம்பிளை லேபுக்கு அனுப்பினார். குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.034 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. அவர் கேட்ட வரம்பு 0.01. காய் வேண்டாம் என்று போய்விட்டார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அதே லாட்டிலிருந்து காய் எடுத்து வேறொரு லேபில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே 0.026. "இரண்டிலும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே காய், ஒரே மாதிரி மெஷின், எப்படி வேறு வேறு கணக்கு? எதை நம்புவது? உள்ளே என்னதான் நடக்கிறது? தங்கச்சி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறாள். இந்த மெஷினை வைத்து வேறு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்கச் சொன்னாள்." இதுதான் கேள்வி.

நான் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் லேபில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உத்தமபாளையம். விடியற்காலையில் ஜீப் பிடித்துக் கம்பம்மெட்டு ஏறிக் காய் எடுக்கப் போகிறவர்கள் நடுவே வளர்ந்தவன். அதனால் இந்தக் கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லேபிலும் தப்பு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 0.034, 0.026 இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. ஏன் என்று புரிய, மெஷினுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், சுருக்கமாக எம்எஸ், என்பது மூலக்கூறுகளை எடைபோடும் கருவி. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறுக்கும் ஓர் எடை உண்டு. தண்ணீருக்கு 18, கார்பன் டை ஆக்சைடுக்கு 44, குயினால்பாஸுக்கு 298. ஹைட்ரஜன் அணுவை ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் அதற்கு மின்னூட்டம் கொடுத்துவிட்டால், அதாவது அயனியாக்கிவிட்டால், மின்புலமும் காந்தப்புலமும் அதைப் பிடித்து இழுக்கும், வளைக்கும். எவ்வளவு வளைகிறது என்பது அதன் எடையைப் பொறுத்தது. குமுளி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவைப் பாருங்கள். பைக் உள்விளிம்பை ஒட்டியே திரும்பிவிடும், லோடு லாரி வெளிவிளிம்பு வரை போய்த்தான் திரும்பும். காந்தப்புலத்தில் அயனிகளும் அப்படித்தான். லேசானது சின்ன வட்டம் போடும், கனமானது பெரிய வட்டம் போடும். எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும்.

இதை முதலில் செய்து பார்த்தவர் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த அதே தாம்சன். 1912 வாக்கில் நியான் வாயுவை அயனியாக்கி மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் விட்டார். நியானின் அணு எடை 20.2 என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். போட்டோ தகட்டில் 20-க்கு ஒரு கோடு விழுந்தது, பக்கத்தில் 22-க்கு மங்கலாக இன்னொரு கோடு. 20.2 எடையில் ஒரு நியான் அணு கூடக் கிடையாது என்பது அப்புறம்தான் தெளிவானது. பத்தில் ஒன்பது அணு 20, மிச்சம் பெரும்பாலும் 22, இரண்டின் சராசரிதான் 20.2. ஒரே தனிமம், வேறு வேறு எடை: ஐசோடோப்புகள். தாம்சனிடம் வேலை பார்த்த பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் கருவியை இன்னும் துல்லியமாகக் கட்டி, 200-க்கும் மேற்பட்ட ஐசோடோப்புகளை அடையாளம் கண்டார். 1922-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

உங்கள் காயைப் பார்த்த மெஷினில் பெரிய காந்தம் இருந்திருக்காது. அதில் இருப்பது குவாட்ரூபோல், நான்கு உலோகக் கம்பிகள். ஒரு சாண் நீளத்துக்கு, ஒன்றுக்கொன்று இணையாக, சதுரத்தின் நான்கு மூலைகளில் நிறுத்தியது போல இருக்கும். கம்பிகளில் மாறாத ஒரு மின்னழுத்தத்தையும் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் இன்னொரு மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஓடும் அயனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடும். கொடுத்திருக்கும் மின்னழுத்தத்துக்குப் பொருந்திய எடையுள்ள அயனி மட்டும் ஆட்டத்தைத் தாங்கிக் கடைசிவரை வந்து சேரும். மற்றதெல்லாம் கம்பியில் மோதி ஒழிந்துவிடும். மின்னழுத்தத்தை மாற்றினால் வேறு எடைக்கு வழி திறக்கும். இந்த யோசனை ஜெர்மனியில் வோல்ஃப்காங் பாலுடையது, 1950-களில் வந்தது. அயனிகளை மின்புலத்தில் பிடித்து வைக்கும் வேலைக்காக அவருக்கு 1989-இல் இயற்பியல் நோபல் பங்கு கிடைத்தது. சரியாகச் சொன்னால் மெஷின் பார்ப்பது வெறும் எடையை அல்ல, எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. மின்னூட்டம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

இதெல்லாம் நடக்க உள்ளே காற்று இருக்கக் கூடாது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றோடு மோதிவிடும். அதனால் டர்போ பம்ப் வைத்து, உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குவார்கள். அந்தப் பம்பின் இறக்கைகள் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றும். மெஷினை ஒருமுறை நிறுத்தினால் திரும்பப் பம்ப் ஓடி நிலைக்கு வர ஓர் இரவு போய்விடும். மெஷின் பக்கத்திலேயே ஆளுயர யுபிஎஸ் வைத்திருப்பது இதனால்தான்.

சரி, காய்க்கு வருவோம். உங்கள் சாம்பிள் வந்து சேர்ந்ததும் என்ன நடக்கும்?

ஒரு கால் கிலோ காய் வந்தால் முழுவதையும் அரைப்போம். கொஞ்சம் எடுத்து அரைப்பதில்லை, மொத்தத்தையும் அரைக்கிறோம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஏலக்காயில் எண்ணெய் அதிகம், அரைக்கும்போது சூடேறினால் மாவு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நன்றாக உறைய வைத்து, குளிர்ச்சியோடு அரைக்க வேண்டும். அந்த மாவில் 2 கிராம் எடுத்து பிளாஸ்டிக் டியூபில் போட்டு, தண்ணீர் விட்டு ஊற வைப்போம். காய்ந்த பொருள் ஊறினால்தான் உள்ளே போன மருந்து வெளியே வரும். பிறகு 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான், அப்புறம் மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும். மூடியைப் போட்டுக் குலுக்கினால் டியூப் கையில் சுடும், மெக்னீசியம் சல்பேட் தண்ணீரை உறிஞ்சும் சூடு அது. சென்ட்ரிபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே ஒரு பச்சை அடுக்கு தெளிந்து நிற்கும். மருந்து அதில்தான் இருக்கிறது. கூடவே பச்சையம், எண்ணெய், மெழுகு எல்லாமும். இன்னொரு தடவை தூள் போட்டு முடிந்தவரை அவற்றைப் பிடித்து விலக்குவோம். க்யூச்சர்ஸ் என்று பெயர் வைத்து 2003-இல் வெளியான முறை இது. உலகம் முழுக்க எச்ச லேப்களில் இன்றைக்குப் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது.

அந்தச் சாறில் 5 மைக்ரோலிட்டர் மெஷினுக்குள் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கிராம் காய் 10 மில்லியில், அதில் 5 மைக்ரோலிட்டர் என்றால் 1 மில்லிகிராம் காயின் சாறு. கிலோவுக்கு 0.034 மில்லிகிராம் என்ற அளவில் அந்தத் துளியில் இருக்கும் குயினால்பாஸ் 34 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டு அதில் 34 பங்கு. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய 7,000 கோடி குயினால்பாஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன. எண்ணிப் பார்க்கக்கூடிய மெஷினுக்கு அது தாராளம்.

துளி முதலில் ஒரு மெல்லிய எஃகுக் குழாய் வழியாகப் போகும். உள்ளே நுண்ணிய சிலிக்கா துகள்கள் இறுக்கமாக அடைத்திருக்கும், அவற்றின் மேல் எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பூச்சு. எண்ணெய்த்தன்மை உள்ள பொருள் அதில் ஒட்டி ஒட்டி மெதுவாக வரும், தண்ணீரில் கரைவது முந்தி வரும். ஒவ்வொரு மருந்தும் தனக்கென்று ஒரு நிமிடத்தில் வெளியே வரும். எல்சி என்பது இந்தப் பகுதி.

வெளியே வருவது திரவம். மெஷினுக்கு வேண்டியதோ வெற்றிடத்தில் பறக்கும் அயனி. திரவத்தை வெற்றிடத்துக்குள் அப்படியே விட்டால் பம்ப் தாங்காது, சூடு பண்ணி ஆவியாக்கினால் மென்மையான மூலக்கூறுகள் கருகிச் சிதையும். பல பத்தாண்டுகள் இந்த இடத்தில் வண்டி நின்றது. அதை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் ஃபென். அவர் வளர்த்தெடுத்த எலெக்ட்ரோஸ்பிரே முறையில், திரவத்தை 3,000 முதல் 5,000 வோல்ட் வரை ஏற்றிய ஊசிமுனையிலிருந்து பீய்ச்சுவார்கள். மின்னேற்றிய புகைத்துளிகள் பறக்கும். சூடான நைட்ரஜன் அடிக்க, துளி சுருங்கும். சுருங்கச் சுருங்க உள்ளே மின்னூட்டம் நெருக்கியடித்துக் கொண்டு, ஒரு கட்டத்தில் துளி தாங்காமல் வெடித்து இன்னும் சின்னத் துளிகளாகும். கடைசியில் கரைப்பான் எல்லாம் போய், மூலக்கூறு மின்னூட்டத்தோடு தனியே நிற்கும், சிதையாமல். மருந்து எச்சம் மட்டுமல்ல, பெரிய பெரிய புரதங்களைக்கூட இப்படி முழுசாகப் பறக்க விடலாம். அதே காலத்தில் ஜப்பானில் ஷிமாட்சு கம்பெனி என்ஜினியர் கோயிச்சி தனகா லேசரைக் கொண்டு புரதத்தைச் சிதைக்காமல் அயனியாக்கிக் காட்டினார். இருவருக்கும் 2002-இல் வேதியியல் நோபலில் பங்கு. முனைவர் பட்டம் இல்லாத ஒரு கம்பெனி என்ஜினியர் அந்த மேடையில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உற்சாகமாக இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். குயினால்பாஸ் எடை 298, ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு 299 ஆகப் பறக்கிறது. முதல் குவாட்ரூபோலை 299-க்கு வைத்தால் அது மட்டும் உள்ளே வரும். ஆனால் 299 எடையில் குயினால்பாஸ் மட்டுமா இருக்கும்? ஆயிரக்கணக்கான பொருள் கலந்த ஏலக்காய்ச் சாறில் அதே எடையில் வேறு ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதனால் எடையை வைத்து மட்டும் ஒருவர் காயைத் தள்ளுவது அநியாயம். இங்கேதான் இரண்டாவது எம்எஸ் வருகிறது. உள்ளே வந்த 299-ஐ ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயு நிரப்பிய அறைக்குள் வேகமாகத் தள்ளி மோத விடுவார்கள். மூலக்கூறு உடையும். கண்டபடி உடையாது, அதன் பலவீனமான பிணைப்புகளில்தான் உடையும். குயினால்பாஸ் உடைந்தால் 147, 163 என்ற எடைகளில் துண்டுகள் வரும். அதன் இரட்டை வளையம், ஒன்றில் ஆக்சிஜனோடும் இன்னொன்றில் கந்தகத்தோடும் நிற்கிற துண்டுகள் அவை. இரண்டாவது எடைபோடும் குவாட்ரூபோல் இந்தத் துண்டுகளை மட்டும் தேடும்.

ஆக, ரிப்போர்ட்டில் குயினால்பாஸ் என்று எழுதும் முன் எங்களுக்கு நான்கு சாட்சி வேண்டும். எஃகுக் குழாயிலிருந்து வரவேண்டிய நேரத்தில் வந்திருக்க வேண்டும், 0.1 நிமிடத்துக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. 299 இருக்க வேண்டும். அது உடைந்து இரண்டு துண்டும் வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு துண்டுகளின் விகிதம், சுத்தமான குயினால்பாஸை ஓட்டும்போது வரும் விகிதத்தோடு 30 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எச்ச லேப்களுக்கான வழிகாட்டி கேட்பது இது. வேறொரு பொருள் இந்த நான்கிலும் குயினால்பாஸ் போல நடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அதனால் உங்கள் காயில் குயினால்பாஸ் இருந்ததா என்பதில், இரண்டு லேப் சொன்ன பிறகு, எனக்குச் சந்தேகம் இல்லை.

எவ்வளவு இருந்தது என்பதில்தான் இழுபறி. ஏலக்காயின் எண்ணெய்ப் பொருட்களை முழுசாக விலக்க முடியாது என்றேனே, அந்த மிச்சம் மருந்தோடு சேர்ந்தே ஊசிமுனைக்கு வரும். துளியில் இருக்கும் மின்னூட்டத்துக்கு எல்லாம் போட்டி போடும். மருந்துக்குக் கிடைக்க வேண்டிய பங்கு குறைந்தால், இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். லேபில் இதை மேட்ரிக்ஸ் எஃபெக்ட் என்போம். மசாலாப் பொருட்களில் இது ரொம்பவே படுத்தும், வெள்ளரிக்காயில் அவ்வளவு இல்லை. மருந்தே அடிக்காத காயின் சாறில் தெரிந்த அளவு குயினால்பாஸைக் கலந்து, அதை அளவுகோலாக வைத்துத் திருத்துகிறோம். திருத்தினாலும் முழுசாகச் சரியாகாது. ஒரு லேபில் மருந்தில்லாத காய் ஒரு தோட்டத்துடையது, இன்னொரு லேபில் வேறு தோட்டத்துடையது. மருந்து சாறுக்குள் எவ்வளவு இறங்கியது என்பதும் மாறும். தெரிந்த அளவு சேர்த்து எடுத்துப் பார்த்தால் 70 முதல் 120 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் அதே வழிகாட்டி ஏற்றுக்கொள்கிறது.

இதையெல்லாம் சேர்த்து, எச்ச முடிவுகளுக்கு 50 சதவீதம் ஏற்ற இறக்கம் வைத்துக்கொள்வது ஐரோப்பிய நடைமுறை. 0.034 என்றால் 0.017 முதல் 0.051 வரை எங்கும் இருக்கலாம். 0.026 என்றால் 0.013 முதல் 0.039 வரை. இரண்டு வீச்சும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. அதனால்தான் ஒரே சேதி என்றேன். சங்கடமான பாதியும் இதிலேயே இருக்கிறது: தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும் 0.017-உம் 0.013-உம் 0.01-ஐத் தாண்டித்தான் நிற்கின்றன. இரண்டாவது லேபில் குறைந்தது என்பதை வைத்து வாங்குபவரோடு வாதாட இடமில்லை. அந்த லேப் 0.014 என்று சொல்லியிருந்தால் பேசியிருக்கலாம்.

கருவியின் இழுபறியைவிடப் பெரிய இழுபறி சாம்பிளில் இருக்கிறது. மெஷினைக் குறை சொல்வோரும் அதைக் கும்பிடுவோரும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு அது நிஜமாகவே வருத்தம். ஸ்பிரேயர் வாய் பட்ட இடத்துச் செடியில் மருந்து கூடுதல், தட்டை, அதாவது செடியின் தண்டு, மறைத்த காய்ச்சரத்தில் குறைவு. மேட்டில் ஒரு விதம், பள்ளத்தில் ஒரு விதம். காய்ந்த ஏலக்காய் ஒன்று கால் கிராம் கூட வராது, நாங்கள் எடுக்கும் 2 கிராம் என்பது பத்துக் காய்க்குச் சமம். வெறும் பத்துக் காயைப் பொறுக்கிச் சோதித்தால் அது அந்தப் பத்துக் காயின் கதைதான். முழு சாம்பிளையும் அரைத்து அதிலிருந்து எடுப்பது இதற்காக. ஆனால் லேபுக்கு வந்த கால் கிலோவுக்குத்தான் நாங்கள் பொறுப்பேற்க முடியும். அது ஒரு மூட்டையின் மேல்வாயில் அள்ளியதா, இருபது மூட்டையிலும் அடிவரை குத்தூசி விட்டு எடுத்துக் கலந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை வாங்குபவரும் நீங்களும் பக்கத்தில் நின்று எல்லா மூட்டையிலும் எடுங்கள், கலந்து மூன்று பங்கு போடுங்கள், மூன்றையும் கட்டி இருவரும் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தகராறு வந்தால் பிரிக்க. லேபைத் தேர்ந்தெடுக்கும்போதும், லேப்களுக்குக் கொடுக்கும் தரச்சான்றான என்ஏபிஎல் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சான்றின் பட்டியலில் மசாலாப் பொருளும் உங்களுக்கு வேண்டிய மருந்தும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மெஷின் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். 299-ஐத் தேடு, 350-ஐத் தேடு என்று பட்டியல் கொடுத்திருப்போம். பட்டியலில் நூற்றுக்கணக்கான மருந்து இருக்கும், இருந்தாலும் பட்டியலில் இல்லாதது பக்கத்திலேயே பறந்தாலும் அது கண்டுகொள்ளாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை இந்த வழியில் பிடிக்க முடியாது, அது தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் ரகம், தனி முறை வேண்டும். மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை நேரடியாகப் பார்ப்பதில்லை, அமிலத்தில் உடைத்து வரும் கார்பன் டைசல்பைடை அளந்து கணக்கிடுகிறோம். அதனால் ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் எதையெதைத் தேடினார்கள், எந்த அளவு வரை தேடினார்கள் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. வரம்பு 0.01 என்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 50 கிலோ மூட்டை முழுவதற்கும் அரை மில்லிகிராம். ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்த்தும்போது ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ ஆகிறது. போவது தண்ணீர், மருந்தில் பெரும்பகுதி காயிலேயே தங்கினால், பச்சைக்காயில் 0.006 இருந்தது உலர்ந்த பிறகு 0.03-க்கு வந்து நிற்கும். தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் இந்தக் கஷ்டம் கிடையாது. போதாததற்கு ஏலச்செடியில் ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே நிற்கும். பேன் (திரிப்ஸ்) என்ற பூச்சிக்கென்று பூவைப் பார்த்து அடிக்கும் மருந்து, நாளைக்கு எடுக்க வேண்டிய காயின் மேலும் விழுகிறது. அதனால் காய் எடுத்து முடித்த கையோடு மருந்தடித்து, அடுத்த எடுப்பு வரை முழு இடைவெளியையும் மருந்துக்குக் கொடுப்பதுதான் வழி. எடுப்புக்கு முந்தின வாரம் அடித்தால் எந்த லேபுக்குப் போனாலும் மாட்டிக்கொள்ளும். மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் பாம்பாடும்பாறை நிலையத்திலும் எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனி தங்கச்சியின் கேள்விக்கு.

இதே எடைபோடும் வேலையைத் திரவத்துக்குப் பதில் வாயுவில் ஓட்டினால் ஜிசி-எம்எஸ். எளிதில் ஆவியாகும் பொருட்களுக்கு அது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைத் தடுத்தபோது பேச்சு அடிபட்ட எத்திலீன் ஆக்சைடை இந்த வழியில்தான் தேடுகிறார்கள். கிருமி கொல்ல அடிக்கும் வாயு அது. அடித்தது பறந்துபோனாலும், பொருளில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்ற தடயத்தை விட்டுப்போகும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

தாம்சன் பார்த்த ஐசோடோப்பு வேலை இன்றைக்குத் தேன் கடைவரை வந்துவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, தேனீ போகும் பெரும்பாலான பூச்செடிகள் எடுக்கும் விதம் வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 கொஞ்சம் கூடுதல். தேனின் கார்பனையும் அந்தத் தேனுக்குள் இருக்கும் புரதத்தின் கார்பனையும் தனித்தனியே எடைபோட்டு ஒப்பிட்டால், கலந்த சர்க்கரை தெரிந்துவிடும். அரிசிப் பாகைக் கலந்தால் தெரியாது, நெல் பூச்செடிகளின் கட்சி. மறையூர் வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்றும் இந்தச் சோதனையால் சொல்ல முடியாது, இரண்டுமே கரும்பு. எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று யோசிப்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

கீழடியின் காலம் தெரிந்ததும் ஒரு வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால்தான். உயிருள்ள பொருளில் லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஒன்றுதான் கார்பன்-14. இறந்தபின் அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பழைய முறையில் அது சிதையும்வரை காத்திருந்து எண்ண வேண்டும், நிறைய சாம்பிள் வேண்டும். ஏஎம்எஸ் என்ற முடுக்கிக் கருவி அணுக்களையே நேரடியாக எண்ணுகிறது, சில மில்லிகிராம் கரி போதும். காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜனுக்கும் எடை 14, அது குழப்பாதா என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு அழகான வழி கண்டார்கள்: அயனிகளை எதிர்மின்னூட்டத்தோடு தொடங்கி வைக்கிறார்கள், நைட்ரஜனால் அப்படி நிலையாக நிற்க முடியாது, வாசலிலேயே கழன்றுவிடும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்காவில் மயாமி லேபில் இப்படிப் பார்த்துத்தான் பொ.மு. 580 என்று வந்தது.

மருத்துவமனையில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி அனுப்பினால், எங்களுடையது போன்ற எம்எஸ்/எம்எஸ் பல பிறவி வளர்சிதைக் கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடும். தனகாவின் லேசர் வழியில் வந்த மால்டி-டாஃப், வளர்த்தெடுத்த கிருமியின் புரதங்களை எடைபோட்டு இன்ன பாக்டீரியா என்று சில நிமிடத்தில் சொல்லும். எல்லா அயனிக்கும் ஒரே ஆற்றல் கொடுத்து ஓட விட்டு, லேசானது முந்தி வரும் நேரத்தை அளப்பது அதன் முறை. எடையைப் பல தசம இடம்வரை அளக்கும் கருவிகளும் உண்டு. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் முழு எண்ணில் இரண்டும் 28. துல்லியமாகப் பார்த்தால் 27.995, 28.006. அந்த வித்தியாசத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிடலாம்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவான சேஸ் என்ற குவாட்ரூபோல் கருவி, 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 இறக்கிவிட்ட மோதுகலத்தில் ஏறி நிலவை நோக்கி விழுந்தது. தரையில் மோதும்வரை வழியெல்லாம் எடைபோட்டுக்கொண்டே போனது. 18-லும் 44-லும் கோடு விழுந்தது, தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும். அங்கே காற்றே கிட்டத்தட்ட இல்லை என்பதால் பெரிய பம்புக்கு அவசியம் இல்லை. அதே ஆய்வகத்தின் மென்கா 2013-இல் மங்கள்யானோடு செவ்வாய்க்குக் கிளம்பியது. உங்கள் காயைச் சோதித்த நான்கு கம்பிகளும் அந்த நான்கு கம்பிகளும் ஒரே தத்துவம்தான்.

தங்கச்சி புராஜெக்டுக்கு ஏதாவது எச்ச லேபில் இடம் கேட்பதானால், சாப்ட்வேரில் எண் எடுக்க மட்டும் கற்றுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். ஊசிமுனையைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், ரோட்டரி பம்புக்கு எண்ணெய் மாற்றவும் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு நாளும் முதலில் வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்க்கட்டும். அதில் 299 தெரிந்தால் நேற்றைய சாம்பிளின் மிச்சம் குழாயில் இருக்கிறது என்று பொருள். அதைக் கழுவி எடுக்காமல் அடுத்தவர் காயை ஏற்றக் கூடாது.